'கெ': செதுக்கலைக் குறிக்கும் சீன எழுத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மொழி படிக்கத் தொடங்கியவர்கள், படிக்காவிட்டாலும் முத்திரைக் கல், மரச் செதுக்கல், பழைய புத்தகம் என்று ஏதோ ஒரு வழியில் இந்த எழுத்தின் மேல் வந்து முட்டியவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எந்த ஃபோனில் திறந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடாது என்பதற்காகச் சீன எழுத்துகளைப் போடாமல் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன். எழுத்தையே பார்க்க வேண்டுமென்றால், யூனிகோடில் அதன் எண் பதின்ம முறையில் 21051.

'கெ' என்றால் ஒரே வரியில் என்ன பொருள்?

கத்தியால் கீறி, அழியாத தடம் பதிப்பது.

கல்லில் பெயர் வெட்டுவது, மரப்பலகையில் எழுத்து செதுக்குவது, குச்சியில் அளவுக்கோடு போடுவது எல்லாம் இதில் அடக்கம். அகராதியைத் திறந்தால் 'செதுக்கு', 'கால் மணி நேரம்', 'கணம்', 'ஈவிரக்கமற்ற' என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக நிற்கும். மனப்பாடம் பண்ண உட்கார்ந்தால் தலை சுற்றும். தனித்தனியாகப் படிக்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எல்லாமே அந்தக் கத்திக் கீறலிலிருந்து கிளைத்தவை. எது எப்படிக் கிளைத்தது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் புதிய சொல் எதிரே வந்தாலும் பாதிக்குமேல் ஊகித்துவிடலாம்.

எப்படி உச்சரிப்பது?

தமிழில் 'கெ' என்று எழுதினாலும், 'கெடு', 'கெட்டி' என்பதில் வரும் எகரம் இதில் இல்லை. 'பாட்டு', 'நாக்கு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, ஏறக்குறைய அந்த இடத்தில் நாக்கை வைத்து, வாயை இன்னும் கொஞ்சம் திறந்து சொன்னால் சரியாக வரும். தொடக்கத்துக் ககரத்தில் மூச்சுக்காற்று பலமாக வெளியே வர வேண்டும். சீனத்தின் நாலு தொனிகளில் (குரலின் ஏற்ற இறக்கங்களில்) இது நாலாவது: மேலிருந்து கீழே சட்டென்று விழும், யாரையோ அதட்டுகிற மாதிரி.

இதே ஒலியில், இதே தொனியில் விருந்தாளி, பாடம், கிராம் எடை ஆகியவற்றுக்கும் தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன. காதால் கேட்டு மட்டும் எதுவென்று சொல்ல முடியாது; கூட வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

பார்க்க எப்படி இருக்கும்? எழுதுவது கஷ்டமா?

மொத்தம் எட்டு கோடுகள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் இரண்டு.

இடப்பக்கம்: உச்சியில் ஒரு புள்ளி, அதன்கீழ் ஒரு படுக்கைக் கோடு. பிறகு இடப்புறம் சரிந்து இறங்கி வலப்புறம் மடங்கும் ஒரு கோடு. அப்புறம் இடப்புறம் சரியும் இரண்டு நீளக் கோடுகள், கடைசியாக வலப்புறம் ஒரு புள்ளிக்கோடு. வலப்பக்கம்: ஒரு குட்டைச் செங்குத்துக் கோடு, அதை ஒட்டி அடியில் கொக்கி போட்ட ஒரு நெட்டைச் செங்குத்துக் கோடு. இந்த இரண்டு கோடுகள்தான் கத்தி. 'கத்தி' என்ற எழுத்து இன்னொரு எழுத்தின் வலப்பக்கம் போய் நிற்கும்போது இப்படி ஒடுங்கிக்கொள்ளும். வெட்டு, பிரி, கீறு என்று கத்தி சம்பந்தப்பட்ட எத்தனையோ எழுத்துகளில் இதே இரண்டு கோடுகளைப் பார்க்கலாம்.

தாள் அகராதியில் தேடுகிறவர்கள் 'கத்தி' என்ற தலைப்பின் கீழ், மீதிக்கோடு ஆறு என்ற வரிசையில் பாருங்கள். சீனத்தில் சுருக்கிய வடிவம், பழைய வடிவம் என்ற இரட்டைத் தொல்லை இந்த எழுத்துக்குக் கிடையாது. பெய்ஜிங்கிலும் தைபேயிலும் ஒரே வடிவம்தான்.

இடப்பக்கத்து எழுத்துக்குப் 'பன்றி' என்று போட்டிருக்கிறதே. பன்றியைக் கத்தியால் அறுப்பதா?

இல்லை. இணையத்தில் இப்படிக் கதை கட்டுகிறவர்கள் நிறையப் பேர். இடப்பக்கத்து எழுத்து 'ஹாய்'. பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில் பன்றிக்கு உரிய கடைசிக் குறி அது. இங்கே அது ஒலியைக் காட்ட மட்டுமே வந்திருக்கிறது. கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் என்பவர் தொகுத்த 'ஷுவோவென் ஜியேஸு' அகராதியிலேயே இது தெளிவாக இருக்கிறது: பொருள் கத்தியிலிருந்து, ஒலி ஹாயிலிருந்து.

'ஹாய்' எங்கே, 'கெ' எங்கே என்று கேட்கலாம். ரெண்டாயிரம் வருஷத்தில் ஒலி நிறைய நகர்ந்துவிட்டது. அதே ஹாய்க்குப் பக்கத்தில் 'வாய்' என்ற எழுத்தை வைத்தால் 'இருமல்'. அதன் உச்சரிப்பும் 'கெ'தான், தொனி மட்டும் வேறு. அங்கேயும் பன்றிக்கு வேலையில்லை.

செதுக்குவதற்கு 'தியாவ்' என்றும் ஓர் எழுத்து இருக்கிறதே. எதை எங்கே போடுவது?

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: கையில் மிஞ்சுவது கோடும் எழுத்துமா, உருவமா? கோடு, எழுத்து, அளவு, முத்திரை என்றால் கெ. யானை, பூ, புத்தர் என்று உருவம் திரண்டு வந்தால் தியாவ். மரச் சிற்பம் 'மூதியாவ்'. ஹார்பின் நகரத்தில் குளிர்காலத்தில் பனிக்கட்டியில் செதுக்கும் மாளிகைகளும் பொம்மைகளும் 'பிங்தியாவ்'. பென்சில் பெட்டியில் பேனாக்கத்தியால் உங்கள் பெயரைக் கீறினால் அது கெ.

இந்த அளவுகோல் பத்தில் எட்டு இடத்தில் கைகொடுக்கும், எல்லா இடத்திலும் இல்லை. சோங்சிங் பக்கத்தில் இருக்கும் தாஸு பாறைச் சிற்பங்கள் 1999இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட உருவங்கள் இருந்தும் அவற்றுக்குப் பெயர் 'தாஸு ஷிகெ'. 'ஷி' என்றால் கல். குன்றோடு குன்றாக வெட்டியவை, கூடவே ஏராளமான கல்வெட்டுகளும் அங்கே உண்டு என்பதால் கெ நிலைத்துவிட்டது.

இரண்டையும் சேர்த்துத் 'தியாவ்கெ' என்றால் செதுக்கல், சிற்பம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். குழப்பமாக இருந்தால் அதைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

தியாவ் எழுத்தில் கத்தியே கிடையாது, பறவைதான் இருக்கிறது. அது முதலில் கழுகு இனத்துப் பறவை ஒன்றின் பெயர். செதுக்குவது என்ற பொருள் பிறகு ஒலி ஒற்றுமையால் வந்து ஏறிக்கொண்டது.

செதுக்குவதற்கும் 15 நிமிடத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பழைய சீனாவில் நேரம் அளக்க நீர்க்கடிகாரம் வைத்திருந்தார்கள். மேலே ஒரு செப்புப் பாத்திரம், அடியில் சின்னத் துளை. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் கீழே உள்ள பாத்திரத்தில் சேரும். அந்தத் தண்ணீரில் ஒரு மிதவை, மிதவையின் மேல் நிற்கும் ஒரு குச்சி. தண்ணீர் ஏற ஏறக் குச்சியும் ஏறும். குச்சியில் சம இடைவெளியில் கோடுகள் செதுக்கியிருப்பார்கள். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எத்தனை கோடு மேலே வந்திருக்கிறது என்று எண்ணினால் நேரம் தெரிந்துவிடும். கோட்டைச் செதுக்கும் வேலை கெ. செதுக்கிய கோட்டுக்கும் கெ என்று பேர் வந்தது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தண்ணீர் ஏறுகிற நேரமும் கெ ஆனது.

ஒரு முழு நாளுக்கு 100 கோடு. அதாவது ஒரு கெ 14 நிமிடம் 24 வினாடி. நம்முடைய நாழிகை 24 நிமிடம் என்பதால் 3 நாழிகையும் 5 கெயும் துல்லியமாகச் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 72 நிமிடம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சீனர்கள் நாளைப் பன்னிரண்டு யாமமாகவும் பிரித்திருந்தார்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் யாமத்துக்கு எட்டேகால் சொச்சம். எந்த அதிகாரிக்குத்தான் பிடிக்கும்? 120 ஆக்கிப் பார்த்தார்கள், 96 ஆக்கிப் பார்த்தார்கள், 108 கூட ஆக்கிப் பார்த்தார்கள். எதுவும் நிலைக்காமல் திரும்பத் திரும்ப நூறுக்கே வந்தது. கடைசியில் சிங் அரச வம்சம் 1645இல் புதிய பஞ்சாங்கத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 96 நிலையானது. அதைத் தயாரித்ததில் ஆடம் ஷால் என்ற ஜெர்மன் ஜெசுயிட் பாதிரியாருக்கு முக்கியப் பங்கு உண்டு. 96 என்றால் ஒரு யாமத்துக்கு எட்டு கெ, ஒரு கெக்குச் சரியாக 15 நிமிடம். ஐரோப்பிய மணிக்கணக்கின் கால் மணியோடு அப்படியே பொருந்திவிட்டது. இன்று சீனர் ஒருவர் கால் மணி நேரம் என்பதற்கு 'யி கெ ஜோங்' என்று சொல்லும்போது அந்தச் செப்புப் பாத்திரத்துக் குச்சியின் ஒரு கோட்டைத்தான் சொல்கிறார்.

அப்படியானால் மணி சொல்வது எப்படி?

மூன்றேகால்: 'ஸான் தியென் யி கெ' (மூன்று மணி, ஒரு கெ). மூன்றேமுக்கால்: 'ஸான் தியென் ஸான் கெ' (மூன்று மணி, மூன்று கெ). மூன்றரைக்கு 'இரண்டு கெ' என்று சொல்ல மாட்டார்கள். அரை என்று பொருள்படும் 'பான்' போட்டு 'ஸான் தியென் பான்'. புதிதாகப் படிக்கிறவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. 'மூன்று மணி பதினைந்து' என்று எண்ணையே சொன்னாலும் தப்பில்லை.

'கணம்', 'உடனே' என்ற பொருள்களும் இதிலிருந்துதானா?

ஆமாம். கோடு நேரமானது; அந்த நேரம் போகப் போகச் சுருங்கிக் கணமானது. 'லிகெ' என்றால் உடனே. நின்ற நிலையிலேயே, அந்தக் கெயிலேயே. 'த்ஸுகெ' இந்தக் கணம். 'ஷிகெ' நேரம், தருணம் (இந்த 'ஷி' முன்னால் பார்த்த கல் இல்லை, வேறு எழுத்து). ரயில் நிலையத்தில் மாட்டியிருக்கும் கால அட்டவணை 'ஷிகெபியாவ்'.

சோங் அரச வம்சக் காலத்துக் கவிஞர் ஸு ஷிக்கு ஒரு வரி உண்டு: வசந்த கால இரவின் ஒரு கெ ஆயிரம் பொன் பெறும். பூவின் மணம், நிலவின் நிழல், முற்றத்தில் ஓய்ந்து கிடக்கும் ஊஞ்சல் என்று போகிற அமைதியான கவிதை. ஆனால் இன்று அந்த வரியை அதிகம் கேட்பது கல்யாண வீட்டில்தான், மாப்பிள்ளை பெண்ணைக் கிண்டல் செய்வதற்கு.

இது திட்டும் எழுத்தா, பாராட்டும் எழுத்தா?

இரண்டும்தான். கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, யார் மேல் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது.

தன்மேலேயே இறங்கினால் பாராட்டு. 'கெகூ'வில் 'கூ' என்பது கசப்பு, கஷ்டம். கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு பாடுபடுவது. பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் 'கெகூ' என்று எழுதினால் பெற்றோர் முகம் மலரும். மனதில் இறங்கினாலும் நல்லதே: 'ஷென்கெ' என்றால் ஆழமான, நெஞ்சில் பதிந்த. எலும்பில் கீறி இதயத்தில் பொறித்தது என்று நாலெழுத்துத் தொடர் ஒன்றும் உண்டு. மறக்க முடியாத காதல், மறக்க முடியாத நன்றி, மறக்க முடியாத பகை மூன்றுக்கும் அது பொருந்தும்.

மற்றவர் மேல் இறங்கினால் வசவு. 'கெபோ'வில் 'போ' என்றால் மெல்லிசு. ஈரமில்லாதவன், வார்த்தையால் குத்துகிறவன், வேலைக்காரனுக்குக் கஞ்சி ஊற்றக் கணக்குப் பார்க்கிறவன், எல்லாரும் கெபோ. ரொம்பப் பழைய வசவு இது. சின் நாட்டைக் கடுமையான சட்டங்களால் வலுப்படுத்திய அமைச்சர் ஷாங் யாங், இயல்பிலேயே கெபோ ஆன ஆள் என்று வரலாற்றாசிரியர் ஸிமா சியன் எழுதிவைத்திருக்கிறார். ரெண்டாயிரம் வருஷமாக அந்தப் பட்டம் ஷாங் யாங்கை விட்டுப் போகவில்லை.

நடுவில் 'கெயி' ஒன்று இருக்கிறது: வேண்டுமென்றே, மெனக்கெட்டு. புகைப்படத்தில் சிரிப்பு 'ரொம்ப கெயி' என்று யாராவது சொன்னால், செயற்கையாக இருக்கிறது என்று அர்த்தம்.

படகில் கோடு போட்டு வாளைத் தேடியவன் கதை என்ன?

'கெ ஜோ சியூ ஜியன்' என்ற தொடர். சூ நாட்டான் ஒருவன் ஆற்றைக் கடக்கும்போது அவன் வாள் தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே படகின் விளிம்பில் ஒரு கோடு கீறி, 'இங்கேதான் விழுந்தது' என்றான். படகு கரையில் நின்றதும் அந்தக் கோட்டுக்கு நேரே இறங்கித் தேடினான். படகு நகர்ந்துவிட்டது, வாள் நகரவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சின் நாட்டு அமைச்சர் லூ புவேய் தொகுப்பித்த நூலில் இது வருகிறது. காலம் மாறின பிறகும் முன்னோர் சட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் ஆட்சியைக் குத்திக்காட்ட சொன்னது. இன்றைக்கும் பழைய விதியை வைத்துக்கொண்டு புதுச் சிக்கலை அளக்கிறவர்களை இப்படித்தான் சொல்வார்கள்.

மூல நூலில் படகைக் கீறியதற்குப் போட்டிருக்கும் எழுத்து கெ இல்லை, 'சி'. அதற்கும் கீறு என்றுதான் பொருள். பிற்காலத்தில் தொடராகச் சுருங்கியபோது கெ அந்த இடத்துக்கு வந்தது. அந்தச் 'சி' வேறு வேலைக்குப் போய்விட்டது, இப்போது ஒப்பந்தப் பத்திரத்தைக் குறிக்கிறது. இருவர் பேசி முடித்ததும் குச்சியில் வெட்டுக்குறி போட்டு ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்ட பழக்கத்தின் மிச்சம்.

பழைய சீனப் புத்தகங்களில் 'கெபென்' என்று குறிப்பிடுகிறார்களே, அது என்ன?

செதுக்கிய பலகையிலிருந்து அச்சிட்ட பதிப்பு. கையால் பிரதி எடுத்ததற்கு வேறு பெயர்.

மரப்பலகை அச்சு பரவுவதற்கு முன்னால் மூல பாடத்தைக் கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். தாங் காலத்தில், 837இல் முடித்த 114 கற்பலகைகள் இன்றும் ஷியான் நகரத்துக் கல்வெட்டுக் காட்சியகத்தில் நிற்கின்றன. 12 கன்பூசிய நூல்கள், ஏறக்குறைய ஆறரை லட்சம் எழுத்துகள். படிக்கிற பையன்கள் தங்கள் பிரதியைச் சரிபார்த்துக்கொள்ள அது ஒரு மூலப்பிரதி.

மரப்பலகை வேலை நடக்கும் விதம் இது. மெல்லிய தாளில் ஒரு பக்கத்தை எழுதுவார்கள். அதை எழுத்து இருக்கும் பக்கம் பலகையில் படும்படி ஒட்டி, காய்ந்ததும் தாளின் முதுகை விரலால் தேய்த்து எடுத்துவிட்டால், மையெழுத்து மட்டும் பலகையில் இடவலம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் எழுத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்கி எடுப்பார்கள். மேடாக நிற்கும் எழுத்தில் மை தடவி, தாளை வைத்து, மேலே தூரிகையால் தேய்த்தால் ஒரு பக்கம் தயார். துன்ஹுவாங் குகையில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் இப்படி அச்சானதுதான். அதிலேயே 868ஆம் ஆண்டு போட்டிருக்கிறது.

பலகைக்குப் பேரி மரமும் சீன இலந்தை மரமும் பேர்போனவை. உருப்படாத புத்தகம் ஒன்று வெளிவந்தால் 'பேரிக்குக் கேடு, இலந்தைக்கு நாசம்' என்று ஒரு வசவு இருந்தது. இப்போதும் போடலாம், மரத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

சோங் காலத்துக் கெபென் கிடைத்தால் பக்கத்தின் நடு மடிப்பில் அடியில் பாருங்கள். பல பிரதிகளில் சின்னதாக ஒரு பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் இல்லை, அந்தப் பலகையைச் செதுக்கிய ஆசாரியின் பெயர். மேலே எத்தனை எழுத்து என்ற கணக்கும் இருக்கும். எண்ணிக்கை பார்த்துக் கூலி கொடுத்த காலம். கூலிக்காகப் போட்ட அந்தப் பெயர்களை வைத்துத்தான் தேதியில்லாத புத்தகம் எந்தக் காலம், எந்த ஊர் என்று ஆய்வாளர்கள் இன்று கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொன்று. கணினியிலும் செய்தித்தாளிலும் அதிகம் பார்க்கிற சீன அச்செழுத்தில் படுக்கைக் கோடு மெலிந்தும் செங்குத்துக் கோடு பருத்தும் இருக்கும். படுக்கைக் கோட்டின் வலது முனையில் ஒரு குட்டி முக்கோணம் நிற்கும். தூரிகையால் அப்படி யாரும் எழுதுவதில்லை. மரத்தின் இழை ஓடும் திசையில் மெல்லிய கோடு உடையாமல் நிற்கும், இழைக்குக் குறுக்கே போகும் கோடு தடிமனாக இருந்தால்தான் தாங்கும். செதுக்குகிறவன் கைக்கு வசதியாக வந்த வடிவம் அது. மரம் போய்விட்டது, வடிவம் அப்படியே இருக்கிறது.

நான்ஜிங்கில் 1866இல் யாங் ரென்ஷான் தொடங்கிய பௌத்த நூல் அச்சகம் இன்னும் பலகை செதுக்கிக் கையால் அச்சிடுகிறது. இந்த அச்சுக்கலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

முத்திரை செதுக்குவதும் கெதானா?

ஆமாம், 'ஜுவான்கெ'. 'ஜுவான்' என்பது முத்திரையில் புழங்கும் பழைய, வளைந்த எழுத்துப் பாணி. இதுவும் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஹாங்ஜோவில் 1904இல் தொடங்கிய ஷிலிங் முத்திரைச் சங்கம் இந்தக் கலைக்குத் தாய்வீடு.

மென்மையான கல்தான் இதற்கு ஏற்றது. சிங்தியன், ஷோஷான் ஆகிய ஊர்க் கற்கள் பிரசித்தம். கல்லின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, பெயரை இடவலம் மாற்றித் தூரிகையால் எழுதிக்கொள்வார்கள். கத்தி பார்க்கத் தட்டையான உளிபோல இருக்கும், இரண்டு பக்கமும் சாணை பிடித்தது. ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போவது ஒரு முறை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக்கொண்டே நகர்வது இன்னொரு முறை. முதலாவதில் கோடு வழுவழுவென்று வரும், இரண்டாவதில் ஓரம் கரடுமுரடாக இருக்கும். ஓரம் பிசிறினால் புதியவர் பதறிப்போய்ச் சரிசெய்யப் பார்ப்பார். தேர்ந்தவர் அப்படியே விட்டுவிடுவார், சில சமயம் வேண்டுமென்றே கத்தியின் பின்முனையால் தட்டி உடைப்பதும் உண்டு.

எழுத்தை மேடாக விட்டால் தாளில் சிவப்பு எழுத்து விழும். எழுத்தையே குடைந்தால் சிவப்பின் நடுவே வெள்ளை எழுத்து. பதிக்கிற மை ஒரு பசை: சாதிலிங்கப் பொடி, விளக்கெண்ணெய், மாசிபத்திரி இனத்துச் செடியின் பஞ்சு மூன்றும் சேர்ந்தது.

சீன ஊர்களில் சுவரிலும் நடைபாதையிலும் 'கெஜாங்' என்று எழுதி ஃபோன் எண் போட்டிருப்பார்கள் என்கிறார்களே. கலை வகுப்பா?

கலை வகுப்பு இல்லை, கள்ள முத்திரை. 'கெஜாங்' என்றால் முத்திரை செதுக்கித் தரப்படும். பெரும்பாலும் பக்கத்திலேயே 'பான்ஜெங்', சான்றிதழ் ஏற்பாடு செய்யப்படும் என்றும் இருக்கும். சீனாவில் நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரைக்குக் கையெழுத்தைவிட மரியாதை அதிகம். அதை முறையாகச் செதுக்க அனுமதி பெற்ற கடைக்குப் போக வேண்டும், காவல் துறையில் பதிவும் உண்டு. அந்த வழியில் போக முடியாதவர்களுக்குத்தான் சுவர் விளம்பரம். முத்திரையையும் ஆவணத்தையும் போலியாகச் செய்வது குற்றவியல் சட்டத்தின் 280ஆம் பிரிவில் வருகிறது. சுற்றுலா போகிறவர்கள் நினைவுப் பொருளாக முத்திரை வேண்டுமென்றால் கடைத்தெருவில் கல் வாங்கிப் பெயர் செதுக்கிக்கொள்ளுங்கள், சுவரிலிருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள்.

இந்தக் காலத்தில் எங்கே புழங்குகிறது?

சிடியில் பாட்டு ஏற்றுவது 'கெலூ'. அந்தக் காலம் போய்விட்டது என்றாலும் சொல் இருக்கிறது. அளவுகோலிலும் காய்ச்சல் மானியிலும் இருக்கும் கோடுகள் 'கெதூ'. பழைய விளையாட்டுச் சாதனத்தையோ செருப்பு மாடலையோ அச்சு அசலாக மறுபடி வெளியிட்டால் 'ஃபூகெ'.

இப்போது சீனச் செய்திகளில் அதிகம் அடிபடுவது 'குவாங்கெஜி': ஒளி, செதுக்கு, எந்திரம். கணினிச் சில்லு தயாரிக்கும் ஒளி அச்சு எந்திரத்துக்கு இதுதான் பெயர். இதில் முன்னணியில் இருக்கும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் உயர்ரக எந்திரங்கள் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கையாளுகின்றன. கறாராகப் பார்த்தால் ஒளி எதையும் செதுக்குவதில்லை. சிலிக்கான் தகட்டின் மேல் பூசிய பூச்சில் படத்தைப் பதிக்கிறது, அவ்வளவுதான். அரித்து எடுப்பது அடுத்த கட்டம், அதற்குக் 'கெஷி' என்று தனிப்பெயர். அதிலும் கெதான் முன்னால் நிற்கிறது.

ஜப்பான், கொரியாவில் இதே பொருளா?

பாதி. ஜப்பானில் இதன் ஒலி 'கொகு'. சொந்தச் சொல்லாக வாசித்தால் 'கிஸாமு'. அங்கே இந்த எழுத்து சமையலறைக்குள்ளும் போய்விட்டது. வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்குவதும் கிஸாமுதான். 'ச்சிகொகு' என்றால் வேலைக்கோ பள்ளிக்கோ தாமதமாக வருவது. கொரியர்கள் அதே இரண்டு எழுத்தை 'ஜிகாக்' என்பார்கள்.

சீனமும் ஜப்பானியமும் சேர்த்துப் படிக்கிறவர்களைக் கவிழ்க்கும் சொல் ஒன்று உண்டு. சீனத்தில் 'ஷென்கெ' ஆழமானது, நல்ல பாராட்டு. ஜப்பானில் அதே எழுத்துகள் 'ஷின்கொகு'. நிலைமை மோசம், கவலைக்கிடம். கொரியாவின் 'ஷிம்காக்'கும் அப்படியே. உங்கள் பேச்சு 'ஷென்கெ' என்று எழுதிக் கொடுத்தால் பெய்ஜிங்காரர் மகிழ்வார், டோக்கியோக்காரர் என்ன ஆச்சு என்று கேட்பார்.

தென்சீன மொழிகளான காண்டனீயத்தில் 'ஹாக்', ஹொக்கியனில் 'கெக்'; வியட்நாமில் 'காக்'. நாம் இங்கே பார்க்கும் பொதுச் சீனமான மாண்டரின் தொலைத்த கடைசிக் ககர மெய்யை மற்ற எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

தமிழோடு ஏதாவது தொடர்பு உண்டா?

எழுத்தில் இல்லை, கல்லில் உண்டு. சீனத் தளபதி ஜெங் ஹெ இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு 1409 என்று தேதி போட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. யாருக்கும் மனவருத்தம் வராமல் பொன்னும் வெள்ளியும் பட்டும் சரிசமமாகப் பகிர்ந்திருக்கிறார்கள். 1911இல் இலங்கையின் காலி நகரத்தில் ஒரு வாய்க்கால் மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள்; இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு திசையில், சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் அந்தக் கல்லின் அடியில் ஒரு வரி சீன எழுத்தும் உண்டு. இப்படிப்பட்ட கற்களைச் சீனர்கள் 'பெய்கெ' என்பார்கள்: நிறுத்திய கல், அதில் வெட்டிய எழுத்து.

மாஜோங் ஆட்டத்திலும் 'கெ' கேட்டேனே?

'கெத்ஸு'. ஒரே மாதிரியான மூன்று காய்கள் சேர்ந்த தொகுதி. எழுத்து இதேதான்.

அழகாக இருக்கிறது, கையில் பச்சை குத்திக்கொள்ளலாமா?

குத்தலாம், ஆனால் தனியாக இந்த ஒரே எழுத்தைக் குத்தினால் பார்க்கிற சீனருக்கு 'செதுக்கு' என்றா 'கால் மணி' என்றா என்று புரியாது. சீனத்தில் இது தனியாக நிற்பதைவிடக் கூட்டோடு வருவதே அதிகம். 'உடனே', 'ஆழம்' என்று ஏதாவது மனதில் இருந்தால் இரண்டு எழுத்தாகக் குத்துங்கள். குத்துகிறவரிடம் போவதற்கு முன் சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அச்சிட்ட தாளைக் காட்டிவிடுங்கள். இடப்பக்கத்துப் புள்ளியை விட்டுவிட்டாலோ, கத்தியின் கொக்கி எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டாலோ, உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்க அது கல் இல்லை.